பிகோரின் கைகள்

பிகோரைப் புதைத்த மேட்டில் புல் முளைப்பதற்குள் தலைவனின் ஆள் கல் பட்டறைக்கு வந்து நின்றுவிட்டான்.

அவன் பெயர் கெபோ. தலைவன் டுக்குரா பேச நினைப்பதை ஊருக்குப் பேசுகிறவன். டுக்குரா தின்று மிச்சம் வைப்பதைத் தின்கிறவனும் அவனே. அன்றும் அவித்த முள்பனைப் பழம் ஒன்றை மென்றுகொண்டேதான் வந்தான்.

"தார்க்கு இருக்கானா?"

உரேனா தலை நிமிரவில்லை. மணலும் தண்ணீருமாக ஓர் அம்மியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். புருஷன் செத்த பிறகு அழுதுகொண்டு உட்கார அவளுக்குத் தெரியவில்லை. தேய்க்கத் தெரிந்தது, தேய்த்தாள்.

"இருக்கான். ஆனா கல்லத் தொட மாட்டான்."

"ஏன், கையில எறும்பு கடிச்சிருச்சா?"

"பொணத்தத் தொட்ட கை. நீங்க எல்லாரும் என் புருஷனக் கம்பத்துல கட்டிவச்சு வேடிக்க பாத்தீங்க. அவுத்துத் தோள்ல போட்டுக்கிட்டுப் போக ஒருத்தனுக்கும் துணிச்சல் வரல. என் அண்ணன் ஒருத்தன்தான் போனான். தீட்டுக் கழியறவர அவன் உளியக் கையால எடுக்கக் கூடாது. இது தெரியாதா உனக்கு?"

கெபோ மென்றதை விழுங்கினான். "தெரியும், தெரியும். ஆனா தலைவருக்கு அவசரம். உன் புருஷனுக்கு ஒரு சிலை வைக்கணுங்கிறாரு."

உரேனாவின் கை நின்றது. ஐயோ, அந்தப் பேதை மனம்! ஒரே ஒரு கணம் அது துள்ளியது. சுக்கியாக்களுக்குச் சிலை வைப்பது அந்த மண்ணில் காலங்காலமாக நடப்பதுதான். நோயாளியின் மேல் புகையிலைப் புகையை ஊதி, நோயைத் தன் வாயால் உறிஞ்சித் துப்புகிற வைத்தியனைத்தான் அங்கே சுக்கியா என்பார்கள்; பிகோரும் அப்படி ஒருவன். சுக்கியா செத்தால் கல்லில் குந்தி உட்காருவான். முழங்கை இரண்டும் முழங்காலில் ஊன்றியிருக்கும். கைகள் புகைக்குழலைப் பிடித்து உதட்டில் வைத்திருக்கும். அப்படி உட்கார்ந்தபடியே, புகையோடு புகையாக, அவன் மேலே போக வேண்டிய இடத்துக்குப் போவான். தலைவனுக்கு மனம் இரங்கிவிட்டதா?

"கை ரெண்டும் பின்னால இருக்கணுமாம்," என்றான் கெபோ. "கயித்தால கட்டின மாதிரி. தலைவரு வீட்டுப் படிக்கட்டுக்கு அடியில வைக்கப் போறாங்க. ஏறுறவன் எறங்குறவன் எல்லாம் பாக்கணுமாம், தலைவர் புள்ளயத் தின்ன மந்திரவாதி இவன்தான்னு."

அம்மியின் மேல் இருந்த தண்ணீர் வழிந்து அவள் மடியை நனைத்தது. அவள் அதைத் துடைக்கவில்லை.

கைகள் பின்னால் கட்டப்பட்ட கல் எது? கைதியின் கல். கைதிக்குக் குழல் இல்லை, புகை இல்லை, மூச்சு இல்லை. கட்டிய கையால் குழலை வாய்க்குக் கொண்டுபோக முடியுமா? முடியாது. அப்படியானால் பிகோர் எங்கும் போக முடியாது. மழையிலும் வெயிலிலும் டுக்குராவின் காலடியில், அவன் வீட்டுப் பிள்ளைகள் காலைத் துடைத்துவிட்டு ஏறும் இடத்தில், உலகம் இருக்கும்வரை அடிமையாகக் கிடப்பான். உயிரை எடுத்தது போதாதாம். செத்தவனையும் கட்டிப்போட வேண்டுமாம்!

"யாரு செதுக்குவா?" என்றாள் உரேனா.

"அதத்தான் கேக்க வந்தேன். ஒங்க வீட்டுக்காரங்களத் தவிர வேற யாரும் கல்லுல மனுசன எடுக்கக் கூடாதே. தார்க்கு இல்லேன்னா வேற யாரு இருக்கா?"

வேறு யாருமில்லை. உரேனா மட்டும்தான் இருந்தாள்.

கெபோ போய்ச் சொன்னான். டுக்குரா சிரித்தானாம். மார்பில் தொங்கிய தங்கக் கழுகு குலுங்கக் குலுங்கச் சிரித்துவிட்டு, "அவளே செதுக்கட்டும். புருஷன் கையப் பொண்டாட்டியே கட்டட்டும். அது இன்னும் நல்லாருக்கு" என்றானாம். வன்மம் பிடித்தவனுக்கு அடித்தால் மட்டும் போதாது. அடிபடுகிறவள் கையில் தடியைக் கொடுத்து அவளையே அடித்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். டுக்குரா தன் வாழ்நாளில் செய்த பெரிய தப்பு அன்று செய்ததுதான். அவனுக்கு அது தெரிய இன்னும் கொஞ்ச காலம் ஆயிற்று.

உரேனா சொன்ன பதில் ஒரே வார்த்தை. "செதுக்குறேன்."

*

உரேனா கல்வீட்டில் பிறந்தவள். அங்கே குலம் தாய் வழியில் வரும். அவள் தாய் கல்வீட்டுக்காரி, ஆகவே இவளும் கல்வீட்டுக்காரி. தீமலையின் அடிவாரத்திலிருந்து ஆறு உருட்டிக்கொண்டு வரும் சாம்பல் நிறக் கல்தான் அவர்களுக்குச் சோறு போட்டது. ஆண்கள் கல்லைக் கொத்தி உருவம் எடுப்பார்கள். பெண்கள் மணல் போட்டுத் தேய்த்து மெருகேற்றுவார்கள். கல்லைக் கல்லால்தான் கொத்த வேண்டும், வேறு கருவி கிடையாது. கொத்துகிற உளியும் ஒரு கல்தான், இன்னும் கடினமான கறுப்புக் கல்.

சின்ன வயதிலேயே அவள் கை சும்மா இருக்காது. தேய்க்கக் கொடுத்த மூன்றுகால் அம்மியின் ஒரு காலில் யாரும் கேட்காமலே ஒரு முதலைத் தலையைக் கொத்தி வைத்தாள். தாய் அடித்தாள். "பொம்பளப் புள்ள கொத்தக் கூடாதுன்னு சொல்லிருக்கேன்ல?" உரேனா அழவே இல்லை. "கொத்தியாச்சும்மா. இனி ஒட்ட முடியாது" என்றாள். அந்த அம்மியைத் தாய் கடைசிவரை யாருக்கும் கொடுக்கவில்லை.

பிகோர் அக்கரைக்காரன். கொக்கோ தோப்புக்காரர்கள் குலம். கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான். அப்படி ஆற்றைக் கடந்து, தோளில் ஒரு கூடை கொக்கோவும் கழுத்தில் ஒரு பச்சைக்கல் மாலையுமாக வந்தான். ஒல்லி, கோழை மாதிரி மெதுவாகப் பேசுவான். தார்க்கு முதல் நாளே தங்கையிடம் கேட்டான், "இவன் கல்லத் தூக்குவானா, இல்ல கல்லு இவனத் தூக்குமா?" என்று. பிகோருக்குக் காதில் விழுந்துவிட்டது. "தூக்க முடியாது மச்சான். ஆனா கல்லு விழுந்து உன் கால் நசுங்கினா நான் பாத்துக்குவேன்" என்றான். அடுத்த மழைக்காலத்திலேயே கல் விழுந்தது, கால் நசுங்கியது. பிகோர் ஊதி, உறிஞ்சி, இலை கட்டி நடக்க வைத்தான். அதன்பின் தார்க்கு மைத்துனனைக் கேலி செய்ததில்லை. செய்தாலும் அன்பாகச் செய்தான்.

அவர்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. ஊரில் காய்ச்சலோடு வந்த பிள்ளைகளெல்லாம் அவர்கள் வீட்டுப் பாயில்தான் படுத்துக் குணமாகிப் போயின. உரேனா அந்தப் பாயைச் சுருட்டி வைத்ததே இல்லை.

பிறகு அந்த நாள் வந்தது. டுக்குராவின் மகன் சினோவுக்குக் காய்ச்சல். பிகோரைக் கூப்பிட்டார்கள். அவன் போகும்போது உரேனாவுக்குத் தெரியாது, இனி அவன் வாசலில் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வரப்போவதில்லை என்று.

பிள்ளை பிழைக்காது என்று தெரிந்ததும் டுக்குரா ஒன்று கேட்டானாம். "இது அக்கரைக்காரன் ஏவிவிட்ட நோயின்னு ஊர் முன்னால சொல்லு." அக்கரைக் கொக்கோ தோப்பின் மேல் அவனுக்குக் கண். சுக்கியா ஒரு வார்த்தை சொன்னால் சண்டைக்குக் காரணம் கிடைத்துவிடும். பிகோர் மெதுவாகத்தான் பேசினானாம், வழக்கம்போல. "அக்கரையிலேருந்து எதுவும் வரல தலைவரே. இல்லாதத என் வாய் சொல்லாது."

பிள்ளை செத்தது. சுக்கியாவே பிள்ளையின் மூச்சைத் தின்றான் என்று டுக்குரா கூவினான். பிகோரின் கையைப் பின்னால் கட்டி, முற்றத்துக் கம்பத்தில் நிறுத்தினார்கள். அந்த ஊர் மழை நின்று பெய்யும் மழை. உரேனா தண்ணீர் கொண்டு போனாள், ஈட்டியால் தடுத்தார்கள். தூரத்தில் நின்று அவன் கைகளைத்தான் பார்த்தாள். கயிறு இறுகி இறுகி அந்தக் கைகள் கறுத்துப் போயின. எத்தனை பிள்ளைகளின் நெற்றியைத் தொட்ட கைகள்!

அந்தக் கைகளை இப்போது அவளே கல்லில் கட்ட வேண்டும்.

*

ஆற்றங்கரையில் அவள்தான் கல்லைத் தேர்ந்தெடுத்தாள். தலைவன் ஆட்கள் மரஉருளைகளில் வைத்து இழுத்து வந்து பட்டறைக் கொட்டகையில் போட்டார்கள். ஒரு குந்தியிருக்கும் ஆள் உயரம். நல்ல கல், தட்டினால் மணி போல ஒலித்தது.

தார்க்கு கொட்டகைக்கு வெளியே, வாழைமட்டைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பான். தீட்டு கழியாதவனுக்கு உள்ளே வர அனுமதியில்லை. பார்க்கலாம், தொடக் கூடாது. அவனுக்குச் சாப்பாடுகூட இலையில் வைத்துக் குச்சியால் தள்ளுவார்கள்.

"தங்கச்சி, கேளு. மொதல்ல கை வர்ற எடத்தக் குறிச்சு வச்சுக்க. முதுகுப் பக்கம் கல்ல நெறைய விட்டுவை. கை பின்னால வரணும்ல, அதுக்குக் கல்லு வேணும்."

"ம்."

"அவரு செத்துட்டாரு புள்ள. இனி அவருக்கு வலிக்காது. நீ உசுரோட இருக்கணும். சொன்னத செஞ்சு குடுத்துரு."

"ம்."

அந்த 'ம்' எதற்கும் சம்மதம் இல்லை என்பது தார்க்குவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கூடப் பிறந்தவன்தானே!

மறுநாள் விடிந்ததும் அவள் கறுப்புக் கல்லை எடுத்தாள். கல்லின் பின்பக்கம் போய் நின்றாள். அடித்தாள். தெறித்த சில்லு கன்னத்தில் பட்டு ரத்தம் வந்தது. துடைத்துக்கொண்டு மறுபடி அடித்தாள். அப்படி ஓர் அடியை அந்தப் பட்டறை ஆண்கள்கூட அடித்ததில்லை. புருஷனின் பிணத்துக்கு முன் அழாத அழுகையெல்லாம் அந்தத் தோளில் இறங்கிக் கல்லில் விழுந்தது. மழை கூரையில் கொட்டியது, அவள் கல்லில் கொட்டினாள். பசிக்குக் கொஞ்சம் கொக்கோ குடித்தாள், மறுபடி அடித்தாள். அப்படியே நாட்கள் போயின.

ஒரு நாள் தார்க்கு தடுப்பின் மேல் எட்டிப் பார்த்தான். பார்த்தவன் மெல்ல எழுந்து நின்றான்.

"ஏய்! முதுகுல கல்லே மிச்சமில்லயே!"

"இல்ல."

"முதுகெலும்பு வரைக்கும் எடுத்துட்டியேடி! கை எங்க வைக்கப் போற? கட்டறதுக்கு எடமே இல்லயே!"

"இல்ல அண்ணே. கட்டறதுக்கு எடம் இல்ல."

தார்க்கு தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். கல்லில் எடுத்தது எடுத்ததுதான். களிமண்ணாக இருந்தால் அப்பலாம், மரமாக இருந்தால் துண்டு சேர்க்கலாம். இந்தக் கல்லில் இனி எந்தக் கொம்பனாலும் பின்னால் ஒரு கையை வைக்க முடியாது. அவள் தலைவனுடைய கட்டளையை மறுத்துப் பேசவில்லை. கட்டளை உட்காரும் இடத்தையே உடைத்து ஆற்றில் போட்டுவிட்டாள்.

"பைத்தியக்காரி. உன்னயும் அதே கம்பத்துல கட்டுவான்."

"கட்டட்டும். என்னயச் செதுக்க ஆளு இல்ல."

அவனுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. பிறகு மெதுவாகக் கேட்டான். "சரி, குழலோட உக்கார வச்சுட்டன்னே வையி. மொதப் பொகைய யாரு ஊதுவா? அத நெனச்சியா?"

அதுதான் அவள் தொண்டையில் முள்ளாக நின்ற கேள்வி. எத்தனை அழகாகச் செதுக்கினாலும் கல் கல்தான். அந்தச் சுக்கியா கடைசியாக யார் வீட்டில் வைத்தியம் பார்த்தானோ, அந்த வீட்டிலிருந்து ஒருவர் வந்து முதல் புகையை அதன் வாயில் ஊத வேண்டும். அப்போதுதான் கல்லுக்கு மூச்சு வரும். வேறு வீட்டுப் புகை செல்லாது. புகை வாங்கிய கல் பிறகு அந்த வீட்டு விருந்தாளி. அதன் மேல் கை ஓங்கினால் விருந்தாளியைக் கொன்ற பாவம்.

"கடைசியா அவரு வைத்தியம் பாத்தது டுக்குரா வீட்டுல," என்றான் தார்க்கு. "அவன் வந்து ஊதுவானா?"

உரேனா முன்பக்கம் போய், முழங்கையைக் கொத்த ஆரம்பித்தாள்.

*

கெபோ அவ்வப்போது பார்க்க வந்தான். செதுக்கி முடியாத கல்லின் முகத்தைப் பட்டறைக்காரர் தவிர மற்றவர் பார்க்கக் கூடாது என்பது வழக்கம். அதனால் அவன் வாசலில் நின்று முதுகை மட்டும் பார்த்துவிட்டுப் போவான்.

"கை எங்க?"

"வரும்."

"எப்ப வரும்?"

"சோளக்கள்ளு காய்ச்சற எடத்துல உன் கை எவ்வளவு சீக்கிரம் வரும்? அந்த மாதிரி இது வராது. கல்லு."

"இந்த வாய்க்கு ஒருநாள் பாரு..." என்று முனகியபடி போவான். கள் என்ற பேச்சு வந்ததும் அவனுக்குக் கால் தானாகத் திரும்பிவிடும்.

கைகள் வந்தன. விரல் விரலாக வந்தன. அந்த ஒடிசலான கைகளை அவள் கண்ணை மூடிக்கொண்டே செதுக்கியிருப்பாள். குழலைப் பிடித்த பிடி, கட்டை விரலில் பழைய வெட்டுத் தழும்பு, முழங்காலில் ஊன்றிய முழங்கை. கடைசியாகக் கழுத்துக்கு வந்தாள். பச்சைக்கல் மாலையின் மணிகளை ஒவ்வொன்றாகக் கொத்திக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் கொட்டகைக்குள் ஒரு நிழல் விழுந்தது.

டுக்குராவின் மனைவி மொலிகா. செத்த பிள்ளையின் தாய். தலையை மழித்திருந்தாள். துணைக்கு யாரும் இல்லை. வழக்கம் கிழக்கம் எதுவும் பாராமல் நேராகக் கல்லின் முன்பக்கம் வந்து நின்றாள்.

முன்னால் இருந்த கைகளைப் பார்த்தாள். தார்க்கு தடுப்புக்கு அப்பால் மூச்சை அடக்கிக்கொண்டான்.

"கட்டலியா?" என்றாள் மொலிகா.

"இல்ல."

"என் புள்ளயத் தின்னவன நல்லா உக்கார வச்சிருக்க."

உரேனா உளியைக் கீழே வைத்தாள். "தின்னவரா? அவரு வாயப் பாத்தீங்களாம்மா? உங்க புள்ள நெஞ்சுல வாய வச்சு உறிஞ்சி உறிஞ்சி ஒதடெல்லாம் கொப்புளம். கம்பத்துல நிக்கும்போது அவருக்கு என்ன காய்ச்சல் தெரியுமா? உங்க புள்ளயோட காய்ச்சல். அதத் தன் ஒடம்புல வாங்கிக்கிட்டுத்தான் நின்னாரு. புள்ளயத் தின்னவரு இப்படித்தான் சாவாரா?"

"அப்ப ஏன் என் புள்ள பொழைக்கல?" தாயின் குரல் உடைந்தது. "நீ சொல்லு! ஏன் பொழைக்கல?"

"தெரியல," என்றாள் உரேனா. "எனக்குத் தெரியலம்மா."

ஒருத்திக்குப் பிள்ளை இல்லை, ஒருத்திக்குப் புருஷன் இல்லை. மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது. மொலிகாவின் கண் கல்லின் கழுத்தில் நின்றது. அருகில் வந்து குனிந்து பார்த்தாள்.

"மாலையில ஒரு மணி கொறையுதே."

"இருந்த மாதிரிதான் செதுக்குறேன். உங்க வீட்டுலேருந்து கட்டி இழுத்துட்டு வந்தப்ப கழுத்துல ஒரு மணி இல்ல. நூலு அறுந்து தொங்குச்சு. யாரு புடுங்கினாங்களோ."

மொலிகா நிமிர்ந்தாள். அவள் முகத்தில் என்ன வந்து போயிற்று என்று உரேனாவுக்குப் புரியவில்லை. திரும்பி மழைக்குள் நடந்துவிட்டாள்.

"போச்சு," என்றான் தார்க்கு. "இப்பவே போய்ச் சொல்லுவா. ஓடிரு தங்கச்சி. ஆத்தக் கடந்துட்டா பொழைச்ச."

"கல்ல விட்டுட்டா? நீ போ அண்ணே. நான் மாலைய முடிக்கணும்."

அன்று யாரும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

*

சிலையை நிறுத்தும் நாளில் ஊரே கல்பாதை வழியாக முற்றத்துக்கு வந்தது. சோளக்கள் பானைகள் வரிசையாக இருந்தன. கல்மேட்டின் மேல் தலைவனின் பெரிய வட்ட வீடு, அதற்கு ஏறும் படிக்கட்டு, அடியில் சிலைக்குத் தோண்டிய குழி. பாயால் மூடிய கல்லை உருளைகளில் இழுத்து வந்து குழியில் நிறுத்தினார்கள். கூட வந்த உரேனா குளித்து, தலை வாரி, கல்யாணத்தன்று கட்டிய மரப்பட்டைத் துணியைக் கட்டியிருந்தாள். துக்கத்துக்கான கோலம் இல்லை அது. பார்த்தவர்கள் முணுமுணுத்தார்கள்.

டுக்குரா மேல்படியில் நின்றான். "தெறங்க."

கெபோ பாயை இழுத்தான். பாய் விழுந்தது.

ஊரே எட்டிப் பார்த்தது.

பிகோர் குந்தி உட்கார்ந்திருந்தான். முழங்கால் மேல் முழங்கை. கையில் குழல். குழல் உதட்டில். கொஞ்சம் நிமிர்ந்த முகம், படிக்கட்டின் உச்சியில் நிற்பவனை நேராகப் பார்க்கிற முகம். கூட்டத்தில் யாரோ ஒரு பெண் விம்மினாள். அவளுடைய பிள்ளையும் அந்தப் பாயில் படுத்துப் பிழைத்தவன்தான்.

"கை எங்கடீ!" டுக்குரா அலறினான்.

"இருக்க வேண்டிய எடத்துல இருக்கு," என்றாள் உரேனா. "நீங்க கட்டினது செத்துப்போற கை. இது சாவாத கை. இதக் கட்டறதுக்கு உங்ககிட்ட கயிறு இல்ல தலைவரே."

"நான் சொன்னது என்ன?"

"பொண்டாட்டியே செதுக்கட்டும்னு சொன்னீங்க. செதுக்கிட்டேன். என் புருஷன எனக்குத் தெரிஞ்ச மாதிரிதான் செதுக்க முடியும்."

டுக்குரா இரண்டு படி இறங்கினான். "ஒடைங்கடா அத!"

ஆட்கள் கல்சுத்தியலோடு வந்தார்கள். உரேனா சிலையின் முன்னால் போய் நின்றாள், கையை விரித்துக்கூட நிற்கவில்லை, சும்மா நின்றாள். தார்க்கு கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து அவள் பக்கத்தில் நின்றான். தீட்டுக்காரன் மேல் பட்டுவிடக் கூடாதென்று சுத்தியல்காரர்கள் சட்டென்று பின்வாங்கினார்கள். "வாங்கடா," என்றான் தார்க்கு, "வந்து தொடுங்க. யாருக்கு வேணும் தீட்டு?"

டுக்குரா சிரித்தான். அந்தப் பழைய சிரிப்பு. "எத்தன நாளு இப்படி நிப்பீங்க? இது வெறுங் கல்லுதானே. இதுக்கு மூச்சு ஏது? கடைசியா இவன் வைத்தியம் பாத்தது என் வீட்டுல. என் வீட்டுலேருந்து யாருடா வந்து இதுக்குப் பொகை ஊதுவா? யாரு?"

"நான்."

மேலே, வாசலில், மொலிகா நின்றாள். ஒரு கையில் சுருட்டிய புகையிலை, மறு கையில் அடுப்புக் கொள்ளி. புருஷனைத் தாண்டிப் படி இறங்கினாள். அவன் கையைப் பிடிக்கப் போனான். அவள் பார்த்த பார்வையில் அந்தக் கை பாதியில் நின்றுவிட்டது.

"உனக்கு என்ன புடிச்சிருக்கு? இவன் நம்ம புள்ளய..."

"நம்ம புள்ள சாகும்போது நீ எங்க இருந்த?" என்றாள் மொலிகா. ஊர் முழுவதும் கேட்டது. "அக்கரைத் தோப்புக்கு எத்தன ஈட்டி வேணும்னு வெளியில பேசிக்கிட்டு இருந்த. நான் உள்ள இருந்தேன். சினோ இவரு கழுத்து மாலையப் புடிச்சுக்கிட்டுத்தான் தூங்கினான். அப்படியே போயிட்டான். உன் ஆளுங்க இவர இழுத்தப்ப நூலு அறுந்து ஒரு மணி புள்ள கையிலயே நின்னுருச்சு. அந்த மூடின கைய என்னால விரிக்க முடியல. மணியோடதான் பொதச்சேன். தன்னத் தின்னவன் கழுத்தப் புடிச்சுக்கிட்டு ஒரு புள்ள தூங்குமா?"

டுக்குராவின் மார்பில் தங்கக் கழுகு ஏறி இறங்கியது.

மொலிகா புகையிலையைப் பற்ற வைத்தாள். இழுத்தாள். இருமினாள், பழக்கமில்லை. மறுபடி இழுத்தாள். சிலையின் முன் மண்டியிட்டு, கல் உதட்டில் வைத்த கல் குழலின் மேல் வாய் வைத்து மெதுவாக ஊதினாள்.

ஈரக் காற்றில் புகை உடனே கலையவில்லை. கல் முகத்தைச் சுற்றி, கல் மாலையில் மணி இல்லாத இடத்தில் கொஞ்சம் தங்கி, தலைக்கு மேல் எழுந்தது. உரேனா அதைப் பார்த்தாள். புருஷன் செத்த அன்றிலிருந்து வராத கண்ணீர் அப்போது வந்தது. தீட்டையும் பாராமல் அண்ணன் தோளில் சாய்ந்து, வாய்விட்டு, ஊர் பார்க்க அழுதாள்.

சுத்தியல்களைக் கீழே வைத்துவிட்டார்கள். தன் வீட்டு விருந்தாளியைக் கொல்ல டுக்குராவாலும் முடியாது. அக்கரைச் சண்டையும் அத்தோடு போயிற்று. தலைவன் வீடே புகை கொடுத்த சுக்கியாவின் குலத்தின் மேல் எந்த வாயால் பழி சொல்வது?

அவனுக்கு மிச்சமிருந்தது ஒன்றுதான். "இந்தப் பள்ளத்தாக்குல இனி நீ கல்லத் தொடக் கூடாது," என்றான் உரேனாவிடம். "போயிரு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போறேன். கல்லு எல்லா ஆத்துலயும் கெடக்கு."

*

அன்றே ஆற்றைக் கடந்தாள். கூடையில் பாயும் கறுப்புக் கல்லும் மட்டும் இருந்தன. அக்கரையில் பிகோரின் தாய்வழிக்காரர்கள் கொக்கோ தோப்புக்குள் ஒரு குடிசை கட்டிக் கொடுத்தார்கள். தீட்டு கழிந்ததும் தார்க்குவும் வந்து சேர்ந்தான். வந்தவன் குடிசையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இங்க அம்மி தேய்க்கக்கூட மணல் சரியில்லயே" என்று குறைப்பட்டான். "நல்ல மணலா நீயே தேடு. இனி நான் கொத்துறேன், நீ தேய்" என்றாள் அவள். அந்த வீட்டில் அதற்குப் பிறகு வேலை அப்படித்தான் நடந்தது. அண்ணன் தேய்த்தான், தங்கை கொத்தினாள். பார்த்தவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களே பிறகு சிலை கேட்டு வந்தார்கள்.

பல வருஷம் வாழ்ந்தாள் உரேனா. முதலைகள் செதுக்கினாள், பிள்ளை தூக்கிய தாய்மார்களைச் செதுக்கினாள், செத்துப்போன சுக்கியாக்களை உட்கார வைத்தாள். ஒருமுறை வேறொரு தலைவன் போரில் பிடித்த கைதியைச் செதுக்கித் தரச் சொல்லி ஆள் அனுப்பினான். நிறையத் தங்கம் தருவதாகச் சொன்னான். "கை பின்னால வர்ற மாதிரி எனக்குச் செதுக்க வராது," என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

டுக்குரா அந்தப் படிக்கட்டை அதன்பின் அவ்வளவாகப் பயன்படுத்தவில்லையாம், வீட்டுக்குப் பின்புறமாக வேறொரு வழி போட்டுக்கொண்டானாம். கெபோதான் ஒருநாள் கள்ளுக்காக அக்கரைக்கு வந்தபோது சொன்னான்.

"மொலிகாம்மா?" என்று கேட்டாள் உரேனா.

"அந்தம்மா முன்படியிலதான் ஏறும், எறங்கும். தெனமும் வந்து அந்தக் கல்லுக்குப் பொகை ஊதிட்டுப் போகும். இப்பல்லாம் இருமறதில்ல."

உரேனா சிரித்தாள். கெபோவின் குடுவையில் இன்னும் கொஞ்சம் கள் ஊற்றினாள். பிறகு கறுப்புக் கல்லை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.